ரிப்பீட்டரை அணைத்த பிறகு

மெர்சி இறந்த செய்தி ரேடியோவில் வந்தது. நம் அமெச்சூர் ரேடியோக் குழுவின் காலை அழைப்பில், வழக்கமாகப் பெயர்களைக் கூப்பிடும் சந்தானம் சார்தான் சொன்னார். "எல்லாருக்கும் ஒரு விஷயம். காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில இருந்துதே நம்ம மெர்சி, அது போயிடுச்சு." தாம்பரத்தில் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டேன். சிட்லபாக்கத்தில் கேட்டார்கள். கோவளத்தில் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே நொடியில் தெரிந்தது. எனக்கென்று தனியாக யாரும் சொல்லவில்லை. அழுகைக்கு முன்னால் வந்தது அந்த எண்ணம்தான்.

குழுவில் இருந்த இரண்டு பெண்களில் மிச்சம் நான். அதனால் அவளைப் பற்றிய இந்த இரங்கல் குறிப்பை என்னை எழுதச் சொன்னீர்கள். கல்லூரியில் ஒரே வகுப்பு வேறு. அப்போதிருந்தே அவள் மேல் எனக்குப் பொறாமை. இப்போது அது உங்கள் மேல்.

மெர்சியின் அம்மா இதைப் படிப்பார். அவருக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ரிப்பீட்டர் என்பது ஒரு பெட்டி. நம் கையிலிருக்கும் வாக்கி-டாக்கியின் பலவீனமான குரலை உயரத்தில் இருந்து வாங்கி, அதே நொடியில் பலமாக எல்லோருக்கும் திருப்பி அனுப்பும். யார் பேசினாலும் எல்லோருக்கும்.

அதைப் பல்லாவரம் மலையில் நிறுவிய நாள். ஆண்கள் கீழே கயிறு பிடித்தார்கள். மெர்சி ஆன்டெனாக் கோபுரத்தின் உச்சியில். நான் பாதியில். ஆன்டெனாக் கேபிளின் இணைப்பில் தண்ணீர் புகாமல் டேப் சுற்றுவது என் வேலை. இறங்கும்போது நின்று பார்த்தாள். நான் சுற்றியதைப் பிரித்துத் தானே சுற்ற ஆரம்பித்தாள். பள்ளியில் இயற்பியல் நடத்துபவள்தான். உயரத்தில் ஏறினால் பல்லாவரத் தமிழ் வந்துவிடும்.

"இன்னாடி இது, மேலேந்து கீழ சுத்திகினு வந்துகீற? மழத்தண்ணி நேரா உள்ள பூந்துடும். கீழேந்து ஏறு. ஓடு மாதிரி, மேல கீறது கீழ கீறத மூடணும்."

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஒரே கிளாஸ்தான படிச்சோம். அன்னிக்கு லீவு போட்டியா நீ?"

கீழே எல்லோரும் சிரித்தார்கள். அவளைப் போல் ஆக விரும்பினேனா, அவள் என்னோடு மட்டும் சிரிக்க வேண்டுமென்று விரும்பினேனா. இன்றுவரை தெரியவில்லை.

நிறுவியபின் அவ்வப்போது சோதனை. குரல் எங்கெல்லாம் எட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அவள் மலையில், நான் ஸ்கூட்டரில். பல்லாவரம் சந்தை, சிட்லபாக்கம் ஏரிக்கரை, கடைசியில் கோவளம். ஒருமுறை அங்கே நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு மீன்காரம்மா, "இன்னாமா, போலீசா?" என்றது அப்படியே எல்லோருக்கும் போய்விட்டது. "வஞ்சிரம் இன்னா வெலன்னு கேளு, போலீசு" என்றாள் மெர்சி. வெகுநாள் எல்லோரும் என்னைப் போலீசு என்றுதான் கூப்பிட்டீர்கள்.

ஆனால் எந்தச் சோதனையும் அதோடு முடியாது. கடைசியில் அவள் ரிப்பீட்டரை அணைத்துவிடுவாள். அவள் கருவியிலிருந்து என் கருவிக்கு நேராகப் பேசுவாள். கொஞ்ச நேரம். கோவளத்தில் பாதி இரைச்சல்தான். மீதிப் பாதிக்காகவே அத்தனை வெயிலில் போனேன். அது எங்கள் இருவருக்கானது என்று நினைத்திருந்தேன்.

இரங்கல் கூட்டத்தில் சந்தானம் சார் எழுந்தார். "ரிப்பீட்டர ஆஃப் பண்ணிட்டு அந்தப் பொண்ணு எங்கிட்ட நேரா பேசும். புயல்ல ரிப்பீட்டர் செத்துப் போச்சுன்னா யாருக்கு யார் கேக்கும்னு தெரியணும் சார்னு சொல்லும். முடிக்கும்போது ஒரு ஜோக் சொல்லும்." பின்வரிசையில் ஒருவர், எனக்கும் என்றார். அடுத்தவரும்.

அந்தக் கொஞ்ச நேரத்தை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறாள். அது சோதனையின் ஒரு பகுதி. காரணமும் சரியான காரணம். அதுதான் தாங்கவில்லை. அணைத்த பிறகு எனக்கு அவள் ஜோக் சொன்னதே இல்லை.

போன வாரச் சோதனைக்கு மலையில் நான் இருந்தேன். பேட்டரியை மாற்றினேன். கோபுரத்தில் ஏறி இணைப்புகளைப் பார்த்தேன். அவள் சுற்றிய டேப் வெளுத்திருக்கிறது, விடவில்லை. புதிதாகச் சுற்றிவிடலாமே என்று கீழிருந்து யாரோ கேட்டார்கள். வேண்டாம் என்றேன். பிறகு ரிப்பீட்டரை அணைத்துவிட்டு சந்தானம் சாரை நேராகக் கூப்பிட்டேன்.

"நல்லா கேக்குதும்மா. ஜோக் இல்லியா?"

"இல்ல சார்."

"சரி விடு. ஒங்கிட்ட என்னதான் சொல்லும் அது?"

பட்டனை அழுத்தினேன். விட்டேன். ரிப்பீட்டரை மறுபடி போட்டேன்.

அவள் அம்மாவும் என்னிடம் அதையே கேட்டார். அம்மா, மன்னியுங்கள்.

கீழிருந்து மேலே சுற்றும் டேப்பை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அது குழுவில் எல்லோருக்கும் உரியது. வஞ்சிர ஜோக்கும் உங்களுடையது. அணைத்த பிறகு என்னிடம் சொன்னதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். காற்றில் போனதுதானே, வழியில் உங்களில் யாராவது கேட்டிருக்கலாம்.

கேட்டிருந்தால் மறந்துவிடுங்கள்.