ஆள் இல்லாத மைக்கில் கேட்ட ஆமா

நான் இதச் சொன்னா நீங்க சிரிப்பீய. சிரிங்க, உங்க இடத்துல இருந்தா நானும் சிரிச்சிருப்பேன். எனக்கு இந்தப் பேய், ஆவி, அசரீரி எதுலயும் துளி நம்பிக்க கெடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர்ல மைக் செட் வச்சிருக்கேன், பேரு சிக்கந்தர், ஆனா ஊருக்கெல்லாம் நான் மைக்செட் பாய்தான். இந்தத் தொழில்ல இருக்கவன்கிட்ட எந்தப் பேயும் வந்து வால ஆட்ட முடியாது. ஸ்பீக்கர்ல யாரோ மூச்சு விடுத மாதிரி கேக்குதுன்னா எர்த் சரியில்ல. பொம்பள அழுத மாதிரி கேக்குதுன்னா எவனோ மைக்க ஸ்பீக்கருக்கு நேரா திருப்பி வச்சிருக்கான். எங்க அத்தா, "ஜின்னு இருக்குடா"ன்னு சொல்லுவாரு, நான், "இருந்துட்டுப் போகுதுத்தா, மொதல்ல வயரப் பாப்போம்"னு சொல்லுவேன். அப்படிப்பட்டவன்தான் இதச் சொல்லுதேன், அத மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

ராஜபாளையத்துல ரேவதியக்கான்னு ஒருத்தவிய பேண்டேஜ் துணி யூனிட் நடத்துதாவ, ஆஸ்பத்திரிக்குப் போற கட்டுத்துணி. வீட்டுல பேசுதது தெலுங்கு, ஆனா பாட்டுன்னு வந்துட்டா எந்த மொழியா இருந்தாலும் அவியளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். யூனிட்டுக்குப் பின்னால ஒரு குடோன், அதுல பாதிய ஒதுக்கி, தையில ஆரம்பிச்சு பங்குனி வரைக்கும் சனிக்கிழம சாயங்காலம் நாட்டுப்புறப் பாட்டு நடத்தப்போறேன்னு என்னைக் கூப்பிட்டாவ. நான் போயிப் பாத்துட்டு அசந்துட்டேன். மூணு பக்கமும் செவத்த ஒட்டித் துணி மூட்டையா அடுக்கியிருக்கு, கையத் தட்டுனா தட்டுன சத்தம் அங்கனயே நின்னு போகுது, எதிரொலிங்கதே இல்ல. கல்யாண மண்டபத்துல எதிரொலியோட மல்லுக்கட்டியே எனக்குப் பாதி முடி போச்சு. இந்த குடோனுக்கு நான் சும்மா கூட மைக் வைப்பேன்னு சொல்லிட்டேன், அக்காவும் சரியான ஆளு, அதக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாவ.

எம்புட்டு சந்தோசமான மூணு மாசம் தெரியுமா அது. மொத வாரம் நையாண்டி மேளம், அந்தச் சின்ன எடத்துல தவுல அடிச்ச அடில மூட்டையில இருந்து பஞ்சுத்தூசியா கொட்டுது, வந்த சனம் அம்புட்டும் தலையில மாவு கொட்டுன மாதிரி வெளுத்துப்போயி உக்காந்திருக்கு, ஒருத்தர ஒருத்தர் பாத்து ஒரே சிரிப்பு. பொறவு ஒரு வாரம் எங்க தெரு ஆளு ஒருத்தரு தப்ஸ் அடிச்சு பக்கீர் பாட்டு பாடுனாரு. இன்னொரு வாரம் கிருஷ்ணன்கோவில் காலேஜ்ல இருந்து பிள்ளைக பஸ்ஸ புடிச்சு வந்து எறங்கி பறையடிச்சு ஆடுச்சுவ, ஷிப்ட் முடிஞ்சு வந்த மில்லுக்காரவியளும் கூடச் சேந்து ஆட, ரேவதியக்கா சுக்குக்காப்பி டம்ளரோட நடுவுல நின்னு, "பாகுந்தி, பாகுந்தி"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. நல்லாருக்குன்னு அர்த்தம், சந்தோசம் வந்தா அவிய வாய்ல தெலுங்குதான் வரும்.

கடைசி வாரம் வில்லுப்பாட்டு. சோழபுரம் செல்லத்தாயக்கா செட்டு. நம்ம பக்கத்துல அவியளத் தெரியாத கோயில் கொடை கெடையாது. அவிய நடுவுல உக்காந்து வில்ல தட்டிக் கதையச் சொன்னா, வலது பக்கம் அவிய வீட்டுக்காரரு வேலுச்சாமி அண்ணாச்சி உக்காந்து ஒவ்வொரு வரிக்கும் "ஆமா" போடுவாரு. வில்லுப்பாட்டுக்கு அந்த ஆமாதான் சக்கரம், அது இல்லேன்னா கத நகராது. அதுலயும் அண்ணாச்சி பெரிய குசும்பு புடிச்ச ஆளு, ஆமா போடக் கூடாத எடமாப் பாத்து ஆமா போடுவாரு. "உமக்கென்ன கிறுக்கா"ன்னு அக்கா கேக்கும், இவரு நல்ல புள்ள மாதிரி, "ஆமா"ன்னு சொல்லுவாரு, கூட்டம் உருண்டு பொரண்டு சிரிக்கும்.

அந்த அண்ணாச்சிக்கு ஐப்பசியில வாதம் வந்துருச்சு. கை கால் கொஞ்சம் தேறி வந்துச்சு, பேச்சு மட்டும் வரல. சொல்லுதது புரியும், பதில் சொல்ல வாய் தொறப்பாரு, காத்துதான் வரும். வந்தா வரும், வராட்டி இல்லன்னு டாக்டரு சொல்லிட்டாவ. அதுலருந்து செல்லத்தாயக்கா வில்லத் தொடவே இல்ல. ரேவதியக்கா நேர்ல போயிக் கெஞ்சிக் கூத்தாடித்தான் ஒத்துக்கிட்டாவ, அப்பவும், "இதுதான் கடைசி, இதுக்குப் பொறவு வில்ல பரண்ல போட்டுருவேன்"னு சொல்லித்தான் வந்தாவ. ஆமா போட வேற ஆளு வேண்டாம், உடுக்கைக்காரரே சேத்துப் பாத்துக்கிடட்டும்னு சொல்லிட்டாவ.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா, கை பழக்கத்துல அண்ணாச்சி உக்காருத எடத்துலயும் ஒரு மைக்க வச்சுட்டேன். எத்தன வருசமா அந்த செட்டுக்கு மைக் வச்ச கை இது. வயரு இழுத்து, சேனல் போட்டு, எல்லாம் முடிஞ்ச பொறவுதான் செல்லத்தாயக்கா வந்து நின்னு அந்த மைக்கையே பாத்துக்கிட்டு இருக்காவ. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

"மறந்துட்டேன்க்கா, எடுத்துருதேன்."

"எடுக்காதீய பாய். அந்த எடம் மொட்டையாத் தெரியும்" அப்படின்னாவ, அம்புட்டுத்தான்.

சரின்னு மைக்க வச்சுட்டு, மிக்சர்ல அந்த ஃபேடர மட்டும் அடிவரைக்கும் எறக்கி விட்டுட்டேன். எறக்குனா மிக்சர் வரைக்கும் வரும், ஸ்பீக்கருக்குச் சத்தம் போகாது.

அஞ்சரைக்கு மேல ஆரம்பிச்சாவ. அக்காவே கட்டுன கத, எரும மாடு வாங்கச் சந்தைக்குப் போனவன் மயில வாங்கிட்டு வாரான். வேற நாளா இருந்தா வயிறு வலிக்கச் சிரிக்கலாம், ஆனா அன்னைக்கு நகரல. உடுக்கைக்காரரு பாவம், அடிப்பாரா ஆமா போடுவாரா, ஒண்ணப் புடிச்சா ஒண்ணு விட்டுப்போகுது. அக்கா கொரலு அங்கங்க தட்டுது, ஒருதடவ வரியையே விட்டுட்டு முழிச்சாவ. பாதில எந்திரிச்சிருவாவளோன்னு நெனச்சேன்.

அப்பத்தான் பாக்கேன், மிக்சர்ல அந்தச் சும்மா கெடக்க சேனல்ல பச்ச வெளக்கு மின்னுது.

பக்கத்து மைக்குச் சத்தம் இதுலயும் விழுதுன்னு நெனச்சேன், அது வழக்கம்தான். செத்த நேரம் பாத்தேன். அக்கா பாடும்போது மின்னல, உடுக்கை அடிக்கும்போது மின்னல, ஒரு வரி முடிஞ்சு ஆமா விழ வேண்டிய எடத்துல மட்டும் மின்னுது. ஹெட்போன மாட்டி அந்தச் சேனல மட்டும் கேட்டேன். நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க, அதுல வேலுச்சாமி அண்ணாச்சி ஆமா போட்டுக்கிட்டு இருக்காரு. கரகரன்னு வெத்தல போட்ட தொண்ட, கடைசில லேசா ஒரு இழுப்பு, அவரே தான். மைக்குக்கு முன்னால வெறும் பாய்தான் விரிச்சிருக்கு, ஆளு இல்ல.

பயந்தியான்னு கேப்பீய. பயம் வந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு வந்தது எரிச்சல், சத்தியமாச் சொல்லுதேன். அங்க ஒரு செட்டு ஆமா இல்லாமத் தத்தளிக்குது, இங்க ஒரு நல்ல ஆமா யாருக்கும் கேக்காம வீணாப்போகுது. மைக்செட்டுக்காரன் புத்தி வேற எங்க போகும். கை தானாப் போயி ஃபேடரத் தூக்கிருச்சு.

கதையில அந்தப் பொண்டாட்டி வாசல்ல நிக்கா, புருசன் மயிலோட வாரான். அக்கா பாடுதாவ, "எரும வாங்கப் போன மனுசா, உமக்கென்ன கிறுக்கா?"

ஸ்பீக்கர்ல தெளிவா வந்துச்சு, "ஆமா."

குடோன் சிரிச்சுச்சு பாருங்க, ஓடு பறந்துரும்னு நெனச்சேன். மூட்டைக்குப் பின்னால ஆளு ஒளிஞ்சிருக்குன்னு சனம் எட்டி எட்டிப் பாக்குது. உடுக்கைக்காரரு அடிய நிறுத்திட்டு வலது பக்கம் பாக்காரு. ரேவதியக்கா என்னப் பாக்காவ, நான் கைய விரிச்சேன். செல்லத்தாயக்கா மட்டும் பயப்படல. அந்தக் காலிப் பாயப் பாத்தாவ, மொகம் அப்படியே மலர்ந்துச்சு, வீசுகோல எடுத்து வில்லுல ஓங்கி ஒரு தட்டுத் தட்டுனாவ பாருங்க, மணியெல்லாம் ஒண்ணாக் குலுங்குச்சு, அதுக்குப் பொறவு அவியளப் புடிக்க ஆளே இல்ல. அக்கா கேக்கும், ஆமா விழும். அக்கா வைய்யும், அதுக்கும் ஆமா விழும். சனம் தொடையத் தட்டித் தட்டிச் சிரிக்கு. நானும் சிரிச்சேன், கண்ணுல தண்ணி வருது, லெவல மட்டும் விடாமப் பாத்துக்கிட்டே இருக்கேன்.

மயிலு கூரையேறி ஆடுத எடத்தோட கத முடியணும். அக்கா முடிக்கல. வீசுகோல மடியில வச்சுட்டு, பாட்டா இல்லாம பேச்சாக் கேட்டாவ.

"பேச்சு வருமாய்யா?"

"ஆமா."

"காலையில நான் காப்பியக் கொண்டாந்தா என் பேரச் சொல்லிக் கூப்பிடுவீரா?"

கொஞ்சம் தாமசமாச்சு. எனக்கு அந்த வெளக்குமேலதான் கண்ணு. மின்னுச்சு.

"ஆமா."

சனத்துக்கு அதுவும் கதையில வாரதுதான்னு நெனப்பு, எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. அக்கா முந்தானையால மொகத்தப் பொத்திக்கிட்டு சிரிக்காவளா அழுவுதாவளான்னு தெரியல.

கை தட்டு ஓயல, உடுக்கைக்காரரு போன் அடிக்கு. சோழபுரத்துல இருந்து அக்கா மக. "சித்தப்பா, அம்மாட்ட குடுங்க, அப்பா சாயங்காலம் புடிச்சு கட்டில்ல உக்காந்துக்கிட்டு ஆமா ஆமான்னு சொல்லிக்கிட்டே இருக்காவ, சிரிக்காவ வேற, தெருவே இங்கனதான் நிக்கு" அப்படிங்கு. அந்தப் போன நான் ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டேன், என் காதால கேட்டேன்.

அப்புறம் யாரு சாமான கட்டுதது. அகப்பட்டத வேன்ல ஏத்தி, செட்டுக்காரவியளும் ரேவதியக்காவும் பாக்ஸு மேலயே ஏறி உக்காந்து சோழபுரம் போயி எறங்குனோம், நல்லா இருட்டிருச்சு. அண்ணாச்சி கட்டில்ல சாஞ்சு உக்காந்திருக்காரு. அக்கா போயி முன்னால நின்னாவ. அவரு வாயக் கோணி, கஷ்டப்பட்டு, "செல்லா"ன்னாரு. அக்கா, "காலையிலன்னுல்லா சொன்னீரு, அதுக்குள்ள என்ன அவசரம்"னு கேட்டாவ பாருங்க, சிரிக்காத ஆளு இல்ல அந்த வீட்டுல. ரேவதியக்கா, "பாகுந்தி"ன்னு சொல்லிச் சொல்லிக் கை தட்டுதாவ.

இதோட முடிஞ்சிருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன். வில்லு பரணுக்குப் போகல, அண்ணாச்சிக்குப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பிச்சு, எல்லாம் சந்தோசந்தான். நல்லாப் பேச ஆரம்பிச்ச பொறவு ஒருநாள் பாக்கப் போயிருந்தேன். அவரா ஆரம்பிச்சாரு.

"பாய், அன்னைக்கு மைக்க அந்தப் பக்கமாக் கொஞ்சம் திருப்பி வச்சேன். உங்களுக்கு லெவல் சரியா வந்துச்சா?"

 அன்னைக்குச் சாமான் எடுக்கும்போது அந்த மைக் செவத்துப் பக்கமாத் திரும்பித்தான் இருந்துச்சு, யாரு காலோ பட்டிருக்கும்னு நெனச்சு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அண்ணாச்சி அன்னைக்கு முழுக்கக் கட்டில விட்டு எறங்கலன்னு அவரு மகளே சொல்லியிருக்கு.

"ஏன் திருப்புனீய அண்ணாச்சி?"

"எனக்கு அடுத்தாப்ல உக்காந்திருந்தவருக்கும் எட்டணும்லா. நல்ல சிரிச்ச மொகம். என் தொண்ட கட்டுத எடத்துலயெல்லாம் அவருதான எடுத்துக் குடுத்தாரு. நீங்க கூட்டியாந்த ஆளுன்னுல்லா நெனச்சேன்."

நான் யாரையும் கூட்டிட்டுப் போகல. ரேவதியக்கா எல்லா வாரமும் ரெக்கார்ட் பண்ணச் சொல்லுவாவ, மைக் மைக்கா தனித்தனியா லேப்டாப்ல எறங்கியிருக்கும். வீட்டுக்கு வந்து அந்த மைக்க மட்டும் போட்டுக் கேட்டேன். அண்ணாச்சி ஆமாவுக்கு அடியில, ஒரு கண்ணு சிமிட்டுத நேரம் பின்னால, இன்னொரு ஆமா இருக்கு. வேற கொரலு. வயசுக் கொரலா, எளசான்னு சொல்ல முடியல, சிரிச்சுக்கிட்டே சொல்லுத மாதிரி இருக்கு. எதிரொலின்னு சொல்லலாம்னு பாத்தேன், எதிரொலி ஒருத்தர் கொரல இன்னொருத்தர் கொரலா மாத்தாது, அதுவும் அந்த குடோன்ல எதிரொலியே கெடையாது. எர்த்தையும் பாத்தாச்சு, வயரையும் மாத்திப் பாத்தாச்சு.

இந்த வருச சீசன்லயும் செல்லத்தாயக்கா செட்டு உண்டு. அண்ணாச்சி வந்து உக்காருவாரு, உக்காந்தவுடனே யாரும் சொல்லாமலே கொஞ்சம் நகந்து பக்கத்துல ஒரு ஆளுக்கு எடம் விடுவாரு. நான் மைக்க அவருக்கும் அந்த எடத்துக்கும் நடுவுல வைக்கேன். லெவல் பாக்கதுக்கு, "ஒரு ஆமா சொல்லுங்க அண்ணாச்சி"ம்பேன், சொல்லுவாரு, வெளக்கு மின்னும். செத்த நேரம் பொறுத்து, அவரு வாயத் தொறக்காமலே இன்னொரு தடவ மின்னும். அதையும் பாத்துட்டுத்தான், ஆரம்பிங்கன்னு கையக் காட்டுவேன்.