எழுந்திருக்கச் சொல்லும் சங்கு

என் மகள் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அட்டைகளில் துளை போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால், குளிர்ந்த அறைக்குள் இருக்கும் யந்திரம் அதைப் படித்து, சொன்னதைச் செய்யுமாம். போன வாரம் அவள் எழுதிக் கொடுத்த கணக்கு முடியவே இல்லையாம். போட்டதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்ததாம்.

"எப்ப நிறுத்தணும்னு சொல்ல மறந்துட்டேம்மா. அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கு, லூசு மாதிரி" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவளுடைய ஆசிரியர் சொல்லும் முதல் புத்திமதியையும் சொன்னாள். யந்திரத்தைத் திட்டாதே, நீ சொன்னதைத்தான் அது செய்தது. கொடுப்பதற்கு முன்னால் நீயே யந்திரமாக உட்கார்ந்து, சொல்லியிருப்பதை மட்டும் செய்து பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நான் ஒரு தடவை அந்த யந்திரமாக இருந்திருக்கிறேன். அதை அவளிடம் எங்கே தொடங்கிச் சொல்வது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

அது யுத்த காலம். சாந்தோமில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. குண்டு விழும் என்று பயந்து கிடைத்த ரயிலில் ஏறிப் போய்விட்டார்கள். அப்பா போகவில்லை. அவர் கணக்கு வாத்தியார். எதையும் படிப்படியாகச் செய்தால் பயப்பட ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. எனக்கு எட்டு வயது, தம்பிக்கு நாலு.

அபாயச் சங்கு ஏற்றி இறக்கி அலறினால் ஆபத்து வருகிறது. ஒரே சீராக நீட்டி ஊதினால் ஆபத்து போய்விட்டது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் செய்ய வேண்டியதை அப்பா ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். எங்கே இருந்தாலும் பக்கத்தில் இருக்கிற பதுங்கு குழிக்குள் இறங்கு. முதலில் தம்பியின் காதில் பஞ்சை அடை, பிறகு உன் காதில். குப்புறப் படு. கண்ணை மூடு. தம்பி எழுந்தால் அமுக்கிப் பிடி. யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதே. சீரான சங்கு ஊதிய பிறகுதான் எழுந்திருக்க வேண்டும்.

தினமும் சாயங்காலம் ஒத்திகை. கூடத்தில் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் நாங்கள் குப்புறப் படுப்போம். அப்பா வாசலில் நின்றுகொண்டு வாயாலேயே சங்கு ஊதுவார். எதிர்வீட்டு நாயும் சேர்ந்துகொள்ளும். பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "என்ன வாத்தியாரே, ஜப்பான்காரன் உங்க வீட்டுக்குள்ளயே வந்துட்டானா?" என்று கேட்பார். அப்பா ஊதுவதை நிறுத்தாமலே கையை ஆட்டிப் போகச் சொல்வார். ஒரு நாள்கூட நாங்கள் தப்புச் செய்ததில்லை.

ஒத்திகையில் பஞ்சு மட்டும் கிடையாது. பஞ்சு கிடைப்பது சிரமமாக இருந்தது. தேங்காயெண்ணெயில் தோய்த்து, இறுக்க உருட்டி, சின்னத் துணிப்பையில் போட்டு, ஜெபமாலையோடு சேர்த்து எங்கள் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள் அம்மா. "நெஜமா ஊதுற அன்னிக்குத்தான் பிரிக்கணும். வெளையாட்டுக்கு எடுத்தே, பிச்சிடுவேன்" என்று சொல்லியிருந்தாள். ஒத்திகையின்போது காதில் அடைப்பது போல விரலை வைத்து எடுப்போம்.

ஒரு நாள் கோயிலில் ஞானோபதேச வகுப்பு முடிந்து, நானும் தம்பியும் கடலோரமாக வந்துகொண்டிருந்தோம். சிப்பி பொறுக்க வேண்டும் என்று தம்பி அடம்பிடித்ததால்தான் அந்தப் பக்கம் வந்தோம். அப்போது சங்கு அலறியது. அது நிஜச் சங்கா, சர்க்காரின் ஒத்திகையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தூரத்தில் ஜனங்கள் தத்தம் வீட்டைப் பார்த்து ஓடினார்கள். எனக்கு ஓடத் தோன்றவில்லை. மணலில் யாரோ வெட்டிப் போட்டிருந்த ஒரு குழி பக்கத்தில் இருந்தது. யாரும் அதில் இறங்கவில்லை. நான் தம்பியை இறக்கினேன். பையைப் பிரித்தேன். எண்ணெய்ப் பஞ்சு காதுக்குள் போனதும் கடல் சத்தம் நின்றுபோனது. அம்மா எவ்வளவு நன்றாக உருட்டியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

குப்புறப் படுத்துக் கண்ணை மூடினோம். சீரான சங்குக்காகக் காத்திருந்தேன். அது ஊதவில்லை. மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் காலின் மேல் சரிந்தது. குண்டு விழுந்தால் மண் சரியும் என்று அப்பா சொல்லியிருந்தார். அப்படியானால் எங்கோ குண்டு விழுகிறது. தம்பி எழப் பார்த்தான். அவன் மேல் படுத்து, தலையை அமுக்கிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் திமிறினான். அப்புறம் திமிறவில்லை. நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்கிறான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

திடீரென்று யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். கண்ணைத் திறந்தேன். நொச்சிக்குப்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் குழியின் விளிம்பில் குனிந்திருந்தாள். வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. ஆபத்து நீங்காத நேரத்தில் இந்த அம்மாள் நின்றுகொண்டிருக்கிறாளே என்று பதறி, அவள் சேலையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். கூடையோடு அவள் என் மேல் சாய்ந்தாள். மீனெல்லாம் குழிக்குள் கொட்டியது. அவள் போட்ட கூச்சல் எனக்குக் கேட்கவில்லை. கடற்கரைச் சாலையில் எங்கள் பெயரைக் கத்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது.

அப்பா குழிக்குள் குதித்தார். யார் வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது என்பதால் அவரையும் உதைத்தேன். அவர் என்னைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தம்பியைத் தூக்கினார். தம்பியின் கழுத்து தொங்கியது. வாயெல்லாம் மணல். அப்பா அவனைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தார். ஒரு தப்பும் செய்யாத பிள்ளையை ஏன் அடிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். பிறகு மணலில் மண்டியிட்டு, வாயைத் திறந்து திறந்து மூடினாள். ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்தேன். அலறியிருக்கிறாள்.

தம்பி இருமினான். மணலைக் கக்கினான். முகம் சிவந்து அழ ஆரம்பித்தான். அப்போதுதான் அப்பா என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி கேட்டார். பிறகு மெதுவாக விரலை என் காதுக்குக் கொண்டுவந்து பஞ்சை உருவினார். கடல் சத்தம் தடதடவென்று காதுக்குள் விழுந்தது.

"கூவிக்கினே கீறேன், எழுந்து வாம்மான்னு" என்று மீன்காரம்மாள் மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்தப் பொண்ணு என்னியவே புடிச்சி உள்ள இஸ்துகினு போவுது சார்! இன்னா புடி, இன்னா புடி!"

"அப்பா, சீரா ஊதுற சங்கு இன்னும் ஊதலியே" என்றேன்.

"ஊதிடுச்சு கண்ணு. எப்பவோ ஊதிடுச்சு."

நான் நம்பவில்லை. அத்தனை நேரமும் அதற்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

தம்பி பிழைத்துக்கொண்டான். இப்போது அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்றைக்கு நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. நான்தான், என் மகளை வெளியே அனுப்பும்போது எது சொன்னாலும், எதைச் சொல்லாமல் விட்டேன் என்று வாசலிலேயே நின்று யோசிக்கிறேன்.

அன்று அப்பா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, சிந்திய மீன்களுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் உனக்கு என்னென்ன சொல்லிக் குடுத்தேன், சொல்லு பாப்பா" என்றார்.

பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்து நின்று ஒப்பித்தேன். பக்கத்தில் இருக்கிற குழிக்குள் இறங்கு. முதலில் தம்பியின் காதில் பஞ்சை அடை, பிறகு உன் காதில். குப்புறப் படு. கண்ணை மூடு. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் சின்னதாகிக்கொண்டே போனது. தம்பி எழுந்தால் அமுக்கிப் பிடி என்ற இடம் வந்ததும், என் காதிலிருந்து எடுத்த பஞ்சைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, "போதும்மா, போதும்" என்றார்.

எதையோ வரிசை மாற்றிச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று பயந்து, நான் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.