சுவரைப் பார்த்த நாற்காலி

ஓசூர் ஆஸ்பத்திரி ஒன்றில் மூளை அலைகளைப் பதிவுசெய்யும் அந்தப் பெண்மணியின் மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

உதிரிபாகத் தொழிற்சாலையில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. "பாப்பா போர்டையே பாக்கறதில்ல சார், எம் மூஞ்சியத்தான் பாக்குது" என்று டீச்சர் சொன்னதும், மூளையில்தான் ஏதோ பிழை என்று முடிவுகட்டி, ஷிப்ட் முடிந்த கையோடு மகளை அங்கே இழுத்துக்கொண்டு போனேன்.

அந்தப் பெண்மணிக்கு ஒல்லியான உருவம், விரலெல்லாம் பசை. மாஸ்க்கைக் கழற்றி, பிள்ளைக்குத் தன் முகத்தைக் காட்டிய பிறகே தலையில் ஒயர்களை ஒட்டினார். மகளோ என் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "ஆடாம இரு!" என்று அதட்டினேன்.

"சார், சேரைச் செவுத்துப் பக்கம் திருப்பி உக்காருங்க."

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

"சில கொழந்தைங்க பொம்மையப் பாக்கும். இது பயந்த சுபாவம். கோவமான மூஞ்சி ஒண்ணு இருந்தா அதவிட்டுக் கண்ண எடுக்காது. திரும்புங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு வெள்ளைச் சுவரை முறைத்தபடி உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் மகள் சிரித்தாள்.

மூளையில் ஒரு பிழையும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

இப்போதெல்லாம் வேலை விட்டு வந்ததும், காலிங்பெல்லை அழுத்துமுன் வெளிச்சுவரைப் பார்த்து ஒரு நிமிடம் நிற்கிறேன். அக்கம்பக்கத்தார் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கதவைத் திறக்கும் மகள் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள்.