கருப்பையா தனக்குச் சொல்லிக்கொண்டது

பள்ளிவாசல் எஸ்டேட்டிலிருந்து காலை பஸ்ஸில் வந்த ஒருவர்தான் சொன்னார், கருப்பையா போய்விட்டான் என்று. படுக்கையில் கிடந்தவன், என்னைப் பார்க்க வேண்டுமென்று போன மாதமே சொல்லியனுப்பியிருந்தான். மழை விடட்டும் என்று தள்ளிப்போட்டேன். கடைசிவரை நான் போகவில்லை.

தேயிலை ஃபேக்டரியில் கூட வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவன் டிரையர்காரன், இலையைச் சூட்டில் உலர்த்துகிறவன். எனக்கோ அவன் ஒரு புதிர். தனக்குத்தானே பேசுவான். ஒரு நாள் சூடு ஏறித் தேயிலை கருகியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிலே கருப்பையா, கருகிப்போச்சு. மொதல்ல தண்ணியக் குடி. பொறவு போய்ச் சொல்லு" என்றான். குடித்தான். ஃபேக்டரியை நடத்தும் டீமேக்கரிடம் போய்த் தன் தப்பு என்றான். திட்டு வாங்கித் திரும்பி வந்து சூட்டைச் சரிபார்த்தான். இந்த ஆளுக்கு ரோஷமே கிடையாதா என்று எனக்கு எரிச்சல்.

எனக்கு ரோஷம் ரொம்ப அதிகம். உருட்டிய இலையைப் பரப்பி வைத்தால், பதமாகிவிட்டதா என்று மோந்தே சொல்வேன். இவன் மூக்குபோல் வராது என்று டீமேக்கர் ஒருமுறை சொல்லிவிட்டார். அந்தப் பேரைக் காப்பாற்றுவதே என் பிழைப்பாகிப்போனது. ஒரு மழைக்காலம் சளி பிடித்து வாசனையே தெரியவில்லை. வாயைத் திறப்பேனா? வழக்கம்போல் குனிந்து மோந்து, "இன்னும் ஆகல" என்றேன். அன்றைய தேயிலை முழுவதும் பதம் தாண்டிக் கெட்டது.

ஊருக்கே போய்விடலாம் என்று பெட்டியைக் கட்டினேன். கருப்பையா வந்து அதன்மேலேயே உட்கார்ந்தான்.

"ஏன் அண்ணாச்சி, சளியோட நான் கெடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பீக?"

"சளின்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானலே, மனுசனுக்கு வராததான்னு கேட்டிருப்பேன்."

"அத உங்களுக்கே சொல்லிக்கிட்டா கொறஞ்சா போயிருவீக?"

பெட்டியை அவிழ்த்தேன். மறுநாள் டீமேக்கரிடம் உண்மையைச் சொன்னேன். மூக்குக்காரன் என்ற பேர் போயிற்று. வேலை இருந்தது. அதன்பிறகு சளி பிடித்தால் இன்னொருவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன், வெட்கப்படாமல்.

சாவுச் செய்தி வந்த அன்று, கூப்பிட்டும் போகாத பாவி என்று என்னையே வைதுகொண்டு நின்றேன். அவன் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? அப்போது அவன் விட்டுப்போன பேச்சு என் பேரோடு வாயில் வந்தது. "சரிலே நடராசா, போகாம இருந்துட்ட. மொதல்ல தண்ணியக் குடி. பொறவு போய்ச் சொல்லு." அவனுடையது என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். மழைக்குப் பயந்து வராமல் இருந்துவிட்டேன் என்று அவன் மனைவியிடம் சொன்னேன்.

அவர் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"அண்ணாச்சி தன்னையே வஞ்சுக்கிட்டு வருவாரு, நீயும் வையாத, மொதல்ல தண்ணி குடுன்னு சொல்லிட்டுத்தான் போனாக."