இடது கை தூக்கினால்

சீனியம்மாளுக்குத் தமிழ் என்றால் உயிர். திருவொற்றியூரில் எங்கள் பள்ளியில் வருடக்கணக்காகத் தமிழ் மிஸ்ஸாக இருந்தவரைப் போன ஜூனில் திடுதிப்பென்று நான்காம் வகுப்பு இங்கிலீஷுக்கு மாற்றினார்கள். பழைய இங்கிலீஷ் மிஸ் நின்றுவிட்டாராம், வேறு ஆள் கிடைக்கவில்லையாம். நன்றாக இருக்கிறது நியாயம்!

நான் பக்கத்து வகுப்புக் கணக்கு மிஸ். வயதில் மூத்தவர் என்பதால் எனக்கு அவர் அக்கா. அவருடைய கணவர் படுத்த படுக்கையாகிவிட்ட பிறகு அந்தக் குடும்பத்துக்கு இந்த வேலை ஒன்றுதான் கதி. பள்ளி கைமாறி, புது முதல்வர் வந்ததும் எல்லோரும் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும் என்றார். ஒரு சொல் தமிழ் வரக்கூடாது. தேறாதவர்களுக்கு அடுத்த வருடம் வேலை கிடையாது. அக்காவுக்கு விழுந்த பாடம் அட்வெர்ப்.

"நான் என்னத்தடி செய்ய?" என்று சோற்று டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். பிறகு அவராகவே வழி கண்டுபிடித்தார். நவுன் என்றால் பெயர், வெர்ப் என்றால் வினை. "அட்வெர்ப்னா நம்ம வினையடைதானே? ஜன்னல்ல பாரு, டிரெய்லர் லாரி போகுது. எப்படிப் போகுது? மெதுவா. அதான் அட்வெர்ப்!" அன்று அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. பார்வையிட வருகிறவர்களை ஏமாற்றப் பல பள்ளிகளில் செய்கிற தில்லுமுல்லுதான். அக்கா அதைத் தினமும் செய்தார். கை தூக்காத பிள்ளை தலையைக் குனிந்து உட்கார்வது அவருக்குத் தாங்காது. இடது கை தூக்கியவர்களை யார் முன்னாலும் கேட்க மாட்டார். மதியம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பார்.

மாதிரி வகுப்பு அன்று முதல்வரும் நாங்களும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா தடுமாறவில்லை. டிரெய்லர் மெதுவாகப் போனது, மீன்காரி சத்தமாகக் கூவினாள், எல்லாம் இங்கிலீஷில். அப்பாடா என்று நான் மூச்சு விட்டபோது முதல்வர் எழுந்துபோய், போர்டிலிருந்த 'ஸ்லோலி'க்கு முன்னால் 'வெரி' என்று எழுதினார். இது என்ன வகைச் சொல், எதைப் பற்றிச் சொல்கிறது என்று அக்காவையே இங்கிலீஷில் கேட்டார்.

பிள்ளைகள் முன்னால் கேட்க வேண்டிய கேள்வியா அது? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதிலும் எனக்குத் தெரியாது.

அக்கா போர்டைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு இடது கையைத் தூக்கினார்.

கொஞ்சம் பொறுங்கள் என்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, முதல்வர் காத்திருந்தார். பிறகு மறுபடியும் அதையே கேட்டார். முன் பெஞ்சிலிருந்து ஜஸீமா எழுந்தாள். தினமும் இடது கை தூக்குகிற பெண்.

"சார், மிஸ்ஸு லெப்ட் கை தூக்கிக்கினு கீறாங்க சார். லெப்ட்டுன்னா தெர்லன்னு அர்த்தம். அப்பால கேக்கக் கூடாது சார்."

முதல்வர் கையிலிருந்த சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு வெளியே போனார். இனி அவர் கேட்க என்ன இருக்கிறது, எல்லாம் தெரிந்துவிட்டதே.

சாயங்காலம் வாசலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மிக மெதுவாகன்னு சொல்றோமே, அந்த 'மிக'தான்டி அது. 'மெதுவாக'வுக்கு அடை. தமிழ்ல கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு ஜஸீமா ஓடி வந்தாள். "மிஸ், சாராண்ட நா கரெக்டா சொன்னேனா?"

அக்கா அவள் தலையில் கை வைத்தார்.

"கரெக்டா சொன்னே, கண்ணு."