எனக்குத் தெரியாத என் கையெழுத்து

பெங்களூர் பொம்மனஹள்ளியில் எங்கள் லைன் வீடுகள் ஒன்பது. ஒன்பதுக்கும் ஒரே குழாய். ஓட்டுப் பெட்டி போய் மிஷின் வந்த தேர்தல் அது. எங்கள் லைனில் யாரும் ஓட்டுப் போடப் போவதில்லை என்று முந்தின நாளே குழாயடியில் பேசி முடித்துவிட்டார்கள்.

“எவனும் சரியில்ல ஆயா. எவனுமே வேணான்னு சொல்ல ஒரு பொத்தான் வெக்கட்டும், அப்ப வர்றேன்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கார்மெண்ட்ஸில் சட்டைக்குப் பொத்தான் வைக்கிறவள்.

“நாளெல்லாம் நீதான பொத்தான் வெக்கிற? ஒண்ணு எடுத்தும்போய் அதுலயும் வெச்சிட்டு வாயேன்டி” என்றேன்.

எனக்கு மட்டும் விட மனசில்லை. வருஷம் முழுக்க என்னைக் கேட்காமலேதான் எல்லாம் நடக்கிறது. ஓட்டுப் போடுகிற அந்த ஒரு நாள்தான் ஒருத்தர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, உனக்கு யார் வேணும் என்கிறார்.

மூன்று மணிக்குப் போனேன். கம்பெனிகளுக்கெல்லாம் லீவு. ஓசூர் ரோடு சத்தமே இல்லாமல் கிடந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் மேஜை போட்டிருந்த கட்சிக்காரர்கள் தலை கவிழ்ந்து தூங்கினார்கள். உள்ளே ஃபேன் மட்டும் கடக் கடக் என்றது. வரிசை கிடையாது. ஆனால் ஆபீசர் முன்னால் இருந்த கையெழுத்துப் புத்தகம் பக்கம் பக்கமாக நிரம்பியிருந்தது.

என் ஓட்டுச் சீட்டைப் பார்த்தார். “நிம்ம ஓட்டு ஆயித்தல்லம்மா” என்றார். உங்கள் ஓட்டு ஆகிவிட்டதே என்கிறார்.

“யாரு சார் போட்டது?”

“நீங்கதான்.”

விரலை நீட்டினேன். மை இல்லை. விரலைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். புத்தகத்தைத்தான் நம்பினார். அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

என் நம்பருக்கு நேராக ஒரு கையெழுத்து. இங்கிலீஷில், சாய்வாக, கடைசியில் ஒரு வால் இழுத்து. இன்றைக்கு நான் தட்டுத் தடுமாறி எழுதுகிறேன். அன்றைக்கு ரேஷன் கடையிலிருந்து பேங்க் வரைக்கும் எனக்குக் கட்டைவிரல்தான்.

“நல்லாத்தான் எழுதியிருக்கேன். எந்த காலேஜ்ல படிச்சேன்னு அதுல போட்டிருக்குதா சார்?”

யாரும் சிரிக்கவில்லை. பிடரியில் ஈரத்துணி போட்ட மாதிரி இருந்தது. மேலேயும் கீழேயும் இருக்கிற பேர்களைப் படிக்கச் சொன்னேன். படித்தார். எங்கள் லைன்தான். ஒன்றாம் வீட்டிலிருந்து ஒன்பதாம் வீடு வரை, கதவு நம்பர் மாறாமல், ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வந்திருக்கிறார்கள். எல்லோர் கையெழுத்துக்கும் அதே சாய்வு, அதே வால்.

“போட்டோ அட்டையில மூஞ்சி பாக்கலியா சார்?”

“காலைல ஒரே ரஷ்ஷும்மா.”

நாங்கள் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் பேரில் ஒரு கூட்டம் இங்கே நெரிசலடித்திருக்கிறது.

மிஷின் பக்கம் விடவில்லை. பழைய காலத்து ஓட்டுத் தாள் ஒன்று கொடுத்தார். முத்திரை குத்திக் கொடுத்தேன். கவரில் போட்டார்.

“இதை எப்ப சார் எண்ணுவீங்க?”

“கோர்ட்டு கேட்டா.”

“கேக்கலன்னா?”

கவரின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினார்.

போடாத ஓட்டு வீட்டில் சும்மா படுத்திருக்கும் என்று நினைத்திருந்தேன். அது எழுந்து நடக்கும். கையெழுத்துக்கு முன்னால் முகத்தைப் பார்க்கட்டும், ஆள் அடையாளம் சொல்ல அந்தந்தத் தெருவிலிருந்து ஒருத்தரை உட்கார வைக்கட்டும், அந்தப் பொத்தானையும் வைத்துத் தொலையட்டும் என்று அன்றிலிருந்து கேட்கிறவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

லைனுக்கு வந்து சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். பொத்தான்காரிதான் முதலில் நிறுத்தினாள்.

“என்னுது எப்பிடி இருந்துச்சு ஆயா?”

“என்னுது மாதிரியேதான்டி. கூடப் பொறந்த மாதிரி.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். பின்னாலேயே ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. ஐந்து மணிக்கு ஓட்டு முடியும். அதற்குக் கால் மணி இருக்கும்போது பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தோம். ஆபீசர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“இவ்ளோ பேரும் காலையிலேர்ந்து எங்கம்மா இருந்தீங்க?”

“வீட்டுலதான் சார்” என்றாள் அவள்.