அண்ணன் தமிழில் சொன்னது

மைக்கைக் கையில் வாங்கியதும் அண்ணன் முதலில் அதை இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு உள்ளங்கையால் மூடிக்கொண்டு இருமுவார். அதற்குப் பிறகுதான் "எல்லாருக்கும் வணக்கம்" வரும். மலேசியாவின் பூச்சோங்கில் நான் வேலை பார்த்த பிளாஸ்டிக் டப்பா தொழிற்சாலையில், தமிழில் எதை அறிவிக்க வேண்டியிருந்தாலும் இது இதே வரிசையில் நடக்கும். தீத்தடுப்புப் பயிற்சியோ, தீபாவளி விருந்தோ, கேன்டீன் மூடும் நேரமோ, தமிழ் என்றால் அண்ணன்தான். அவர் பேக்கிங் பிரிவின் சூப்பர்வைசர். அந்தப் பிரிவில் இருந்த பெண்கள் எல்லோரும் தமிழர்கள், எல்லோருக்கும் அவர் அண்ணன். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். ஆகவே அன்று மதியம் கேன்டீனில் அவர் எழுந்து மைக்கைத் தட்டியபோது யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

அன்று நடந்தது பாலியல் தொல்லைத் தடுப்புப் பயிற்சி. சிங்கப்பூர் தலைமை அலுவலகம் ஒரு பயிற்சியாளரை அனுப்பியிருந்தது. நடுத்தர வயதுச் சீனப் பெண்மணி, பளிச்சென்று பேசுவார், ஆனால் ஆங்கிலம் மட்டும்தான். மலாய்க்காரத் தொழிலாளர்களுக்குக் காலையிலேயே முடிந்துவிட்டது. மனிதவளப் பிரிவில் இருந்த ஒரு மலாய்ப் பெண் மொழிபெயர்த்தார். மதியம் நம்மவர்களின் முறை. யார் மொழிபெயர்ப்பது என்று மனிதவள அதிகாரி யோசித்தே இருக்கமாட்டார். முந்தைய நாள் சூப்பர்வைசர்களுக்கென்று தனியாக நடந்த பயிற்சியில் அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து, கேள்விகளெல்லாம் கேட்டு, சான்றிதழும் வாங்கியிருந்தார். விஷயமும் தெரியும், தமிழும் தெரியும், பிறகென்ன?

நான் கொள்முதல் பிரிவில் குமாஸ்தா, எங்கள் ஊர்ப் பேச்சில் கிராணி. சொந்த ஊர் பிரிக்பீல்ட்ஸ், வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. இந்த மாதிரிப் பயிற்சிகள் மீது எனக்கு அப்போது பெரிய மரியாதை கிடையாது. வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கிறார் என்று நடத்துவார்கள், போட்டோ எடுப்பார்கள், சமோசா மாதிரி ஒரு கறிபாப் கொடுத்து அனுப்புவார்கள். நான் கறிபாப்புக்காகத்தான் பின்வரிசையில் காத்திருந்தேன். எனக்கு முன் நாற்காலியில் இருந்தவர் பேக்கிங் பிரிவிலேயே மூத்தவர். அவரை அக்கா என்போம். கம்போங் மேடான் அடுக்குமாடியில் தனியாகப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தாலே, "ஏ கிராணி, ஏர்கான்ல ஒக்காந்து ஒக்காந்து வெள்ளைக்காரி ஆயிட்ட லா" என்று வம்புக்கு இழுப்பார். அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடம் முடித்த கையோடு புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பயிற்சியாளர் நீளமாகப் பேசுவார். உடம்பைப் பற்றிப் பேசுவது, உரசுவது, வீட்டுக்குப் போன பிறகும் கைப்பேசியில் செய்தி அனுப்புவது, கேட்டால் விளையாட்டுக்குச் செய்தேன் என்பது, எல்லாமே தொல்லைதான் என்று விளக்குவார். அண்ணன் அத்தனையையும் சுருட்டி, "ஒருத்தருக்கொருத்தர் மரியாதையா நடந்துக்கணும்" என்று முடித்துவிடுவார். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

பிறகு அந்த அம்மையார் குரலை நிதானமாக்கிக்கொண்டு முக்கியமான ஒன்றைச் சொன்னார். தொல்லை கொடுப்பவர் உங்கள் சூப்பர்வைசராகவே இருந்தால் நீங்கள் அவரிடம் போகத் தேவையில்லை, நேராக மனிதவளப் பிரிவுக்கு வாருங்கள், தொழிலாளர் இலாகாவுக்கும் போகலாம், புகார் கொடுத்ததற்காக யாருக்கும் வேலை போகாது என்றார். அண்ணன் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"எந்தப் பிரச்சினையா இருந்தாலும் மொதல்ல ஒங்க சூப்பர்வைசர்கிட்டதான் வந்து சொல்லணும்னு மிஸ் சொல்றாங்க. அவரத் தாண்டி ஆபீசுக்குப் போயி, அப்புறம் அது பொய்யின்னு ஆயிடுச்சுன்னா வேலை போயிடும். பார்த்துக்குங்க."

என் காதையே நம்ப முடியவில்லை. தவறாகக் கேட்டுவிட்டாரோ? நேற்று இதே பாடத்துக்குத்தானே சான்றிதழ் வாங்கினார்? நான் இன்னும் நிமிரவில்லை, அதற்குள் அடுத்தது வந்தது. "டைட்டா சட்டை போட்டுட்டு வர்றவங்களுக்குத்தான் இதெல்லாம் நடக்குதாம். பொம்பளைங்க அதையும் கவனிக்கணும்." சட்டையைப் பற்றிப் பயிற்சியாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரோ, தான் சொன்னதுதான் தமிழில் போய்க்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கையில், அண்ணனைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்தார். புதிதாகச் சேர்ந்த பெண்ணும் தலையாட்டினாள். மேலே இழுத்து விட்டுக்கொள்ள எதுவும் இல்லாத தன் தொளதொளச் சட்டையின் கழுத்தை இழுத்து விட்டுக்கொண்டாள்.

எழுந்துவிட்டேன். "அண்ணே, மிஸ் அப்படிச் சொல்லலையே."

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ஆபீஸ் பிள்ளைக்கு இங்கிலீஷ் ரொம்ப சுத்தம் லா. வா, வந்து நீயே சொல்லு" என்று மைக்கை நீட்டினார். நாலு பேர் சிரித்தார்கள். நான் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார். என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்குப் பிடிவாதம்தான் ஏறும். நேராகப் போய் மைக்கை வாங்கினேன். பயிற்சியாளர் சொன்னதை ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். சூப்பர்வைசரிடம் போகத் தேவையில்லை என்ற இடம் வந்தபோது தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்த ஒருவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் அக்கா எழுந்தார். என்னை எப்போதும் கிராணி என்று கூப்பிடுகிறவர், அன்று முதல் தடவையாகத் தங்கச்சி என்றார்.

"தங்கச்சி, மிஸ்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. அந்த சூப்பர்வைசரே இவ்வளவு நேரம் மைக்கப் புடிச்சுப் பேசிட்டு இருந்தா, நாங்க யாருகிட்ட போயி சொல்றது?"

பயிற்சியாளர் என் முகத்தைப் பார்த்தார், என்ன கேட்கிறார் என்றார். அக்கா கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோனது. அண்ணன் கையை ஆட்டி, "ஜோக்கிங் லா, மிஸ், ஜோக்கிங்" என்றார். அந்த அம்மையார் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு, மனிதவள அதிகாரியையும் அக்காவையும் என்னையும் அழைத்துக்கொண்டு அலுவலக அறைக்குப் போனார்.

விசாரணை முழுவதும் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. அக்காவுக்குப் பிறகு மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஸ்டோரில் இடுப்பில் பட்ட கை, இரவில் வந்த செய்திகள், சிரித்துப் பேசுகிறவளுக்கு மட்டும் கிடைத்த ஓவர்டைம். அவர்கள் தமிழில் சொன்ன ஒவ்வொன்றையும் நான் ஆங்கிலத்தில் 'நான்' என்று ஆரம்பித்து, எனக்கே நடந்ததுபோலச் சொல்ல வேண்டியிருந்தது. அண்ணன் இதையெல்லாம் செய்தார் என்பதைவிட எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் என்னை நிலைகுலைய வைத்தது. ஒருவரும் வெளியில் சொல்லவில்லை, தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். ஸ்டோருக்கு யாரும் தனியாகப் போவதில்லை. கம்போங் மேடானிலிருந்து பெண்களை ஏற்றி வரும் கம்பெனி வேனை அண்ணன்தான் ஓட்டுவார். அதில் முன் சீட் அக்காவுடையது. காலையில் அவர் அங்கிருந்து இறங்குவதை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன், மூத்தவர் என்ற மரியாதை என்றே நினைத்திருந்தேன். ஒரு பெண் சொன்னாள்: "அங்க வேற யாரையும் ஒக்கார அக்கா விடமாட்டாங்க. கியர் மாத்துற சாக்குல கை வரும். எனக்குப் பழகிப்போச்சு, நீங்க பின்னால போங்கடின்னு சொல்லுவாங்க." நான் அதை ஆங்கிலத்தில் பாதி சொன்னேன். மீதியைச் சொல்ல முடியாமல் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்து சொன்னேன்.

இவ்வளவு காலம் பொறுத்தவர் அன்று மட்டும் ஏன் எழுந்தார் என்று அதிகாரி கேட்டார். அக்கா பக்கத்து அறையைக் காட்டினார். புதிதாகச் சேர்ந்த பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள். "அந்த ஆளு சொன்னதக் கம்பெனியே சொல்லுதுன்னு நம்பி அந்தப் புள்ள தலைய ஆட்டுச்சு. அதத்தான் தாங்க முடியல" என்றார்.

அண்ணனுக்கு வேலை போனது. அக்காவைப் பாராட்டுவார்கள் என்று நினைத்தால் நாம் ஏமாந்தவர்கள். தமிழன் வயிற்றில் தமிழச்சியே அடித்துவிட்டாள் என்று அடுக்குமாடி முழுக்கப் பேச்சு. கோயில் அன்னதானத்தில் அக்கா வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவர்கள் நகர்ந்து போனார்களாம். எனக்கு இன்றும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. கொஞ்ச காலத்தில் அக்கா கிள்ளான் பக்கம் வேறு வேலை தேடிக்கொண்டு வீடு மாறிப் போனார்.

நான் மனிதவளத் துறைக்கு மாறினேன். இப்போது இதற்கென்று சட்டமே வந்துவிட்டது, வேலையிடத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். நானே தொழிற்சாலைகளுக்குப் போய்த் தமிழில் இந்தப் பயிற்சியை நடத்துகிறேன். சூப்பர்வைசர்களை அறைக்கு வெளியே இருக்கச் சொல்லும்போது சில முதலாளிகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அண்மையில் கிள்ளானில் ஒரு பயிற்சியை முடித்துவிட்டுக் கடைத்தெருவில் காரை எடுக்கப்போனேன். கொட்டுகிற மழையில், மளிகைப் பையோடு கடை ஓரத்தில் அக்கா நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது, வாய் அப்படியே இருந்தது. "கிராணி, கார்லாம் வாங்கிட்டியா லா!" இப்போது என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் விடுகிறேன் வாருங்கள் என்று முன் கதவைத் திறந்துவிட்டேன். அவர் பின் கதவைத் திறந்து, பையை உள்ளே தள்ளி, தானும் ஏறிக்கொண்டார்.

"முன்னால வாங்கக்கா. நான் என்ன ஒங்க டிரைவரா?"

"பரவால்ல லா, நீ ஓட்டு. எனக்கு இங்கதான் சரியா இருக்கு."

வண்டியை எடுக்கக் கியரில் கை வைத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது அக்கா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கண் மட்டும் என் முகத்தில் இல்லை, கியர் மேலிருந்த என் கையில் இருந்தது.